மருந்தில்லாத் தீவனத்துக்கு மாறிய பிறகு கூளம் ஏன் ஈரமாகிறது? ஒரு பண்ணையாளருக்குப் பதில்

இந்த முறை பதிலுக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பிராய்லர் பண்ணையாளரின் கடிதம். பெயரையும் அடையாளங்களையும் நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு இரண்டு கொட்டகைகள். இரண்டுக்கும் ஒரே பொரிப்பகத்துக் குஞ்சு, ஒரே ஆலையின் தீவனம். கோழிகளை மொத்தமாக வாங்கும் நிறுவனம் இனி ஆன்டிபயாடிக் இல்லாத கோழிகள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டது. தீவன ஆலையும் வளர்ச்சிக்காகக் கலந்துவந்த ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு, புது மூட்டை அனுப்பத் தொடங்கியது. அதற்குப் பிறகு மூன்று பேட்ச் முடிந்திருக்கிறது. மூன்றிலும் ஒரே கதை. 17ஆம் நாள் வரை குஞ்சுகள் துறுதுறுவென்று இருக்கின்றன. 18ஆம் நாளிலிருந்து எச்சம் இளகி, ஆரஞ்சு நிறச் சளியும் செரிக்காத தீவனத் துணுக்குகளுமாக விழுகிறது. தரையில் விரித்த கூளம் ஈரமாகி அப்பளமாய் இறுகுகிறது. முன்பு 38ஆம் நாளில் சராசரி எடை 2.3 கிலோ, தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ எடை கூடத் தின்னும் தீவனம், கிலோவில்) 1.58, இறப்பு 3 சதவீதம். இப்போது 2.1 கிலோ, 1.74, 6 சதவீதம்.

ஒரு விற்பனைப் பிரதிநிதியின் ஆலோசனைப்படி ஐந்து பொருள்களை வாங்கிக் கொடுத்திருக்கிறார்: லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் திரவம், அமிலக் கலவை, மூலிகை எண்ணெய், ஈஸ்ட் செல் சுவர்ப் பொடி, பியூட்டிரேட் பொடி. திரவங்கள் தண்ணீர்த் தொட்டியிலும் பொடிகள் தீவனத்தின் மேலும். எல்லாமே எச்சம் இளகிய பிறகு, ஒரே நேரத்தில், இரண்டு கொட்டகைக்கும். பலன் இல்லை. மைத்துனர், "தினமும் தண்ணீரில் கொஞ்சம் கொலிஸ்டின் விடு, யாருக்குத் தெரியப்போகிறது" என்கிறாராம். அதுவும் ஓர் ஆன்டிபயாடிக்தான். இவருக்கு மனம் ஒப்பவில்லை. "ஆன்டிபயாடிக்குக்கு நிகரான ஒரே ஒரு பொருளைச் சொல்லுங்கள், அதை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்" என்று கேட்டிருக்கிறார். அடுத்த குஞ்சு இறங்க இரண்டு வாரம் இருக்கிறது.

அன்புள்ள பண்ணையாளருக்கு,

எடை, இறப்பு, தேதி எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. ஆனால் நீங்கள் இரண்டரைப் பக்கத்துக்கு அந்த ஐந்து டப்பாக்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் பட்ட துப்போ மூன்றாம் பக்கத்தின் அடியில் அரை வரியாக ஒளிந்திருக்கிறது: "புது மூட்டையில் காக்சி மருந்துகூடக் கிடையாது, அவ்வளவு சுத்தம்."

அந்த அரை வரி

ஆலை நிறுத்தியது ஒரு பொருளை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நிறுத்தியது இரண்டை. ஒன்று, வளர்ச்சிக்காகக் குறைந்த அளவில் கலக்கும் ஆன்டிபயாடிக். இன்னொன்று, இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியாவை அடக்கிவைக்கும் மருந்து. பழைய மூட்டையின் அட்டையில் சலினோமைசின் என்று இருந்ததாக நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது அயனோஃபோர் வகை. மொனென்சின், நராசின் எல்லாம் அதே குடும்பம். காக்சிடியாவைக் கட்டுப்படுத்துவதோடு, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற குடல் பாக்டீரியாவையும் இவை ஓரளவு தட்டிவைக்கும். இரண்டு காவலையும் ஒரே நாளில் எடுத்துவிட்டு, பதிலுக்குத் தடுப்பூசியும் போடாமல் குஞ்சை இறக்கினால் மூன்றாவது வாரத்தில் என்ன நடக்குமோ, அதுதான் உங்கள் கொட்டகையில் நடந்திருக்கிறது.

"வெளிநாடுகளில் நிறுத்திவிட்டு நன்றாகத்தானே வளர்க்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். வளர்க்கிறார்கள், ஆனால் எப்படி நிறுத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். வளர்ச்சிக்காகக் கலக்கும் ஆன்டிபயாடிக்கை சுவீடன் 1986இலேயே தடை செய்தது. டென்மார்க்கின் பிராய்லர் பண்ணையாளர்கள் 1998இல் தாங்களாகவே கைவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் தடை. டென்மார்க்கின் கணக்கு உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: தீவன மாற்று விகிதம் அங்கே ஏறக்குறைய 0.016தான் கூடியது, இறப்பு கூடவில்லை. உங்களுக்கோ 0.16 கூடியிருக்கிறது, பத்து மடங்கு. அவர்கள் கோழி ஒன்றும் இரும்பில் செய்ததல்ல. அங்கே அயனோஃபோர் தொடர்ந்தது, ஏனென்றால் ஐரோப்பாவில் அதை ஆன்டிபயாடிக் கணக்கில் சேர்க்காமல் காக்சிடியா மருந்தாகவே அனுமதிக்கிறார்கள். அமெரிக்காவில் அதையும் ஆன்டிபயாடிக் என்றே வகைப்படுத்துவதால், "ஒருபோதும் ஆன்டிபயாடிக் தராதது" என்ற முத்திரையோடு விற்கும் கோழிக்கு அதுவும் ஆகாது. மனித மருத்துவத்தில் அயனோஃபோர் பயன்படுவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே உங்கள் முதல் வேலை கடைக்குப் போவதல்ல, உங்களிடம் வாங்கும் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுவது. அவர்கள் சொல்லும் "ஆன்டிபயாடிக் இல்லாதது" என்பதில் அயனோஃபோர் அடங்குமா, ஆன்டிபயாடிக் அல்லாத காக்சிடியா மருந்துகள் அனுமதியா என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குவது உங்கள் உரிமை. வாய்ப்பேச்சை நம்பிக் கோழி வளர்க்க முடியாது. அதேபோல் ஆலையிடமும் கேளுங்கள்: காக்சி மருந்தை எடுத்தது நிறுவனம் சொன்னதாலா, ஆலையே "எதற்கு வம்பு" என்று எடுத்துவிட்டதா? இரண்டாவதாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

இரத்தம் இல்லையே, பிறகெப்படி இரத்தக் கழிச்சல்?

"எச்சத்தில் ஒரு துளி இரத்தம்கூட இல்லை, அதனால் காக்சி இல்லை என்று முடிவு செய்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் நோயின் பெயரே செய்த குழப்பம் இது. கோழியைத் தாக்கும் காக்சிடியா ஒன்றல்ல. இரத்தமாகக் கழிய வைப்பது முக்கியமாக ஐமீரியா டெனெல்லா. அது குடலின் கடைசியில் இருக்கும் இரண்டு குருட்டுக் குடல்களில் குடியிருக்கும். ஐமீரியா அசெர்வுலினா சிறுகுடலின் தொடக்கத்தில் வெள்ளைக் கோடுகளாகத் தடம் விடும். ஐமீரியா மேக்சிமா நடுச் சிறுகுடலைத் தாக்கி, அங்கே ஆரஞ்சு நிறச் சளியைத் தேக்கும். நீங்கள் வர்ணித்த எச்சம் மேக்சிமாவை நினைவூட்டுகிறது. அசெர்வுலினாவும் மேக்சிமாவும் பெரும்பாலும் கோழியைக் கொல்வதில்லை. தின்ற தீவனத்தை உடம்பில் ஒட்டவிடாமல் செய்துவிட்டுப் போகும். கண்ணில் படாத நஷ்டம் என்பதால் ஆபத்து அதிகம்.

நாள்கணக்கும் பொருந்துகிறது. குஞ்சு விழுங்கிய காக்சிடியாவின் முட்டைக்கூடு குடலில் பெருகி எச்சத்தில் வெளிவர ஐந்தாறு நாள் ஆகும். வெளிவந்தது ஈரமும் வெப்பமும் காற்றும் உள்ள கூளத்தில் ஓரிரு நாளில் முதிர்ந்து, அடுத்த குஞ்சைத் தாக்கத் தயாராகிவிடும். இப்படி இரண்டு மூன்று சுற்று முடியும்போது குஞ்சுக்கு மூன்று வாரம் ஆகியிருக்கும். உங்கள் 18ஆம் நாள் தற்செயல் அல்ல.

அடுத்து வருவதுதான் இறப்பை 6 சதவீதத்துக்கு ஏற்றியிருக்கும். காக்சிடியா குடல் சுவரைக் கிழித்ததும் இரத்தப் புரதம் குடலுக்குள் கசிகிறது, சளி பெருகுகிறது. கிளாஸ்ட்ரிடியம் தனக்கு வேண்டிய அமினோ அமிலங்களில் பலவற்றைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாத பாக்டீரியா. அதற்கு இது தானாக வந்து விழுந்த விருந்து. பெருகி நஞ்சைச் சுரக்கிறது, நெக்ரோடிக் என்டரைடிஸ் என்ற குடல் அழுகல் வருகிறது. அறுத்துப் பார்த்தால் குடல் காற்றடைத்துப் பலூன் போல உப்பி, சுவர் மெலிந்து, உட்புறம் பழுப்புநிறத் துவாலையை விரித்தது போலச் சொரசொரப்பாக இருக்கும். நாற்றமே பாதி சொல்லிவிடும்.

இதெல்லாம் கடிதத்தை வைத்து நான் போடும் கணக்கு. உறுதி செய்ய அடுத்த பேட்சில் 18ஆம் நாளும் 22ஆம் நாளும் கால்நடை மருத்துவரை வரவழைத்து, கொட்டகைக்கு ஐந்து கோழி அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். செத்துக் கிடந்ததை வேண்டாம். இறந்த சில மணி நேரத்திலேயே குடல் நிறம் மாறிக் குழம்பிவிடும். உயிரோடு நடமாடும் கோழிகளை, அவற்றில் இரண்டு நல்ல திடமானவையாகவும், எடுங்கள். ஐந்து கோழியை இழக்க மனம் வராதுதான். மூன்று பேட்சாக எத்தனை மூட்டைத் தீவனம் கூளத்தில் போனது என்று கணக்குப் போட்டால் மனம் வரும். குடல் சுரண்டலை நுண்ணோக்கியில் பார்த்தால் காக்சிடியா இருக்கிறதா, எவ்வளவு என்பது அன்றே தெரிந்துவிடும்.

ஐந்து டப்பாவும் ஒரு தொட்டியும்

இந்தப் பொருள்கள் எல்லாம் ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஒரு இடம், ஒரு நேரம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த விதத்தில் சில ஒன்றையொன்று கொன்றிருக்கின்றன, சில சம்பந்தமே இல்லாத இடத்தில் வேலை செய்திருக்கின்றன.

புரோபயாடிக்கை எடுத்துக்கொள்வோம். உங்கள் தொட்டித் தண்ணீரில் குளோரின் போடுகிறீர்கள், நல்லது. அதே தண்ணீரில் லாக்டோபேசிலஸை ஊற்றியிருக்கிறீர்கள். கிருமியைக் கொல்லும் குளோரினுக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பேதம் தெரியாது. அதன் மேல் மூலிகை எண்ணெய், அதுவும் அப்படித்தான். பிழைத்து உள்ளே போனது கொஞ்சமாகவே இருந்திருக்கும். போன நேரமும் சரியில்லை. ஃபின்லாந்தில் நூர்மியும் ரன்டாலாவும் 1973இல் காட்டியது இன்றும் இந்தத் துறையின் அடித்தளம்: பொரித்த குஞ்சின் குடல் காலி மனை. வளர்ந்த கோழியின் குடல் பாக்டீரியாவை அதற்கு முதல் நாளே கொடுத்துவிட்டால், பின்னால் வரும் சால்மோனெல்லாவுக்குக் காலூன்ற இடம் கிடைப்பதில்லை. 18ஆம் நாளில் அந்த மனையில் வீடு கட்டிக் குடியேறி, சண்டையும் தொடங்கியிருக்கும். அப்போது கொடுக்கும் பாக்டீரியா வந்த வழியே போய்விடும்.

உங்கள் நிலைமைக்குப் பேசிலஸ் வகை பொருத்தம். பேசிலஸ் சப்டிலிஸ், பேசிலஸ் லைக்கெனிஃபார்மிஸ் போன்றவை ஸ்போர் என்ற உறக்க நிலையில் இருப்பதால், தீவனத்தைக் குருணையாக அழுத்தும் பெல்லட் அச்சின் 80 டிகிரி வெப்பத்தையும் அரைவைப்பையின் அமிலத்தையும் தாண்டி வரும். ஆலையிலேயே கலக்கலாம், முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை தொடரலாம். அட்டையில் இனத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. ஸ்ட்ரெயின் எண் (இனத்துக்குள் எந்த உட்பிரிவு என்பது), ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள பாக்டீரியா, காலாவதி நாள் மூன்றும் இருக்க வேண்டும். அந்த ஸ்ட்ரெயின் மருந்து எதிர்ப்பு மரபணுவைப் பிற பாக்டீரியாவுக்குக் கடத்தாது என்பதற்குச் சான்று உண்டா என்றும் கேளுங்கள். பதில் சொல்ல மழுப்பினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அமிலக் கலவை. ஃபார்மிக், புரோபியானிக், லாக்டிக் அமிலங்கள் தீனிப்பையிலும் அரைவைப்பையிலும் நன்றாக வேலை செய்யும். பாக்டீரியாவின் உள்ளே புகுந்து பிரிந்து, அதன் உட்புறத்தைப் புளிக்க வைத்துவிடும். ஆனால் சிறுகுடலுக்கு வந்ததும் கணையநீரின் காரம் அதை நடுநிலையாக்கிவிடுகிறது. உங்கள் சிக்கல் நடுச் சிறுகுடலில். தொட்டியில் விட்ட அமிலம் அங்கே போய்ச் சேராது. சால்மோனெல்லா, ஈ.கோலை தொல்லைக்கும் தண்ணீர்க் குழாயைச் சுத்தமாக வைக்கவும் அமிலம் உதவும், அதற்காக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். 4க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோழி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டால் தீவனமும் குறையும். அளவைத் தொட்டியில் பார்க்காமல், கோழி கொத்திக் குடிக்கும் குழாய்முனையான நிப்பிளில், வரிசையின் கடைசியில் ஒழுகும் சொட்டில் காகிதப் பட்டையை நனைத்துப் பாருங்கள். கோழி குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

பியூட்டிரேட் குடல் செல்களின் எரிபொருள், வில்லஸ் எனப்படும் உறிஞ்சிகள் நீண்டு வளர உதவுவது. நல்ல பொருள்தான். பூச்சு இல்லாத பொடியாக இருந்தால் மேல் குடலிலேயே உறிஞ்சப்பட்டு முடிந்துவிடும். கொழுப்புப் பூச்சோ கிளிசரைடு வடிவமோ இருந்தால்தான் கீழே போகும். உங்களிடம் இருப்பது எது என்று அட்டையில் இல்லையாம். எனக்கு அதுவே பதில்.

ஈஸ்ட் செல் சுவரில் உள்ள மேனன் சர்க்கரை, ஈ.கோலையும் சால்மோனெல்லாவும் குடல் சுவரைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகளில் போய் ஒட்டிக்கொண்டு அவற்றை வெளியே அழைத்துப் போகும். காக்சிடியாவுக்கு அப்படிக் கொக்கி கிடையாது. திருடன் கொல்லைப்புறம் வந்திருக்க, வாசலைப் பூட்டிய கதை.

மூலிகை எண்ணெயைப் பற்றி அந்தப் பிரதிநிதி "இயற்கை, பக்கவிளைவே கிடையாது, இரண்டு மடங்கு கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது" என்றாராம். ஓரிகானோவின் கார்வக்ரால், தைமின் தைமால், பட்டையின் சின்னமால்டிஹைடு எல்லாம் ஆய்வகக் குழாயில் பாக்டீரியாவை உண்மையிலேயே கொல்கின்றன. கொல்லும் சக்தி உள்ள பொருள் அளவு மீறினால் எதையும் கெடுக்கும், நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து. வாசனை தூக்கலாக இருந்தால் தீவனம் எடுப்பதும் குறையும். செடி விளைந்த மண்ணையும் அறுத்த பருவத்தையும் பொறுத்து எண்ணெயின் வீரியம் மாறும். திறந்து வைத்தால் ஆவியாகும். எந்தக் கூறு எத்தனை சதவீதம் என்று அச்சிட்டு, பூச்சிட்டு விற்பதை மட்டும் பரிசீலிக்கலாம். காக்சிடியாவின் மேல் சிலவற்றுக்கு ஓரளவு பலன் தெரிகிறது. ஆனால் அதை மட்டும் நம்பிக் குஞ்சு இறக்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒரு சிறு விஷயம், ஆனால் எரிச்சலூட்டுவது: பெல்லட்டின் மேல் பொடியைத் தூவினால் அது வழுக்கி அடியில் போய்ச் சேரும். முதலில் வரும் வலுவான கோழி பெல்லட்டைத் தின்னும், கடைசியில் வரும் நோஞ்சான் பொடியைத் தின்னும். தூவுவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

நீங்கள் கேட்ட அந்த ஒரே பொருள்

இல்லை. தீவனத்தில் கலந்த குறைந்த அளவு ஆன்டிபயாடிக் பல வேலைகளை ஒன்றாகச் செய்துகொண்டிருந்தது. அதில் பெரிய வேலை, கொட்டகையின் குறைகளை மூடி மறைப்பது. 1960களில் கிருமியே இல்லாத கூண்டுகளில் குஞ்சு வளர்த்துப் பார்த்தார்கள். அங்கே ஆன்டிபயாடிக் கொடுத்தும் வளர்ச்சி கூடவில்லை. அழுக்கு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் அதன் பலன். எனவே எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன்னால், எது மூடிக் கிடந்தது என்று பாருங்கள்.

உங்கள் கடிதத்திலிருந்தே இரண்டு எனக்குத் தெரிகிறது. "இரவில் குளிராமல் இருக்க திரைகளை முழுக்க இறக்கிவிடுகிறேன்" என்கிறீர்கள். மூன்று வாரக் கோழி தின்னும் தீவனத்தைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு தண்ணீர் குடிக்கிறது. அதில் பெரும்பகுதி எச்சமாகவும் மூச்சாகவும் கொட்டகைக்குள்தான் வருகிறது. திரை மூடினால் அந்த ஈரம் கூளத்தைத் தவிர எங்கே போகும்? இரவிலும் மேல்புறம் காற்று போக வழி விடுங்கள், வெப்பத்தைத் தனியாகக் கொடுங்கள். இரண்டாவது, இரண்டாம் கொட்டகையில் நிப்பிள் வரிசைக்குக் கீழேதான் முதலில் ஈரம் என்கிறீர்கள். நிப்பிள் தாழ்ந்திருந்தால் கோழி பக்கவாட்டில் கொத்திச் சிந்தும். கழுத்தை நீட்டி அண்ணாந்து குடிக்கும் உயரத்துக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உயர்த்துங்கள். ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி, லேசாகச் சேர்ந்து பிறகு உதிர்ந்தால் சரி. 20 முதல் 25 சதவீத ஈரம் என்று புத்தகம் சொல்வது அந்தப் பிடிதான்.

ஆலையிடம் இன்னும் சில கேள்விகள்: மக்காச்சோளத்துக்குப் பதிலாகக் கோதுமையோ பார்லியோ கூடியிருக்கிறதா? கூடியிருந்தால் சைலனேஸ், பீட்டா குளுக்கனேஸ் நொதிகள் சேர்க்கிறார்களா? அந்தத் தானியங்களின் நார்ச்சத்து குடலில் கஞ்சி போலக் குழகுழத்து, கிளாஸ்ட்ரிடியத்துக்கு வசதி செய்து கொடுக்கும். மீன்தூள் எவ்வளவு? உப்பின் அளவு என்ன? செரிக்காத புரதம் பின்குடலுக்குப் போனால் அழுகும், உப்பு கூடினால் தண்ணீர் கூடும், கூளம் நனையும்.

மைத்துனரின் யோசனை

ஒப்பந்தத்தை மீறுவது, இறைச்சியில் மருந்து எச்சம் தங்குவது, பிடிபட்டால் மொத்தப் பேட்சும் திரும்பி வருவது, இவையெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்: கொலிஸ்டின் உங்கள் கோழிக்கு வேலையே செய்யாது. அது ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவை மட்டும் தாக்கும். கிளாஸ்ட்ரிடியம் கிராம் பாசிட்டிவ். காக்சிடியா பாக்டீரியாவே அல்ல, ஒரு செல் ஒட்டுண்ணி. ஆக, திருட்டுத்தனமும் வீண். இதே கொலிஸ்டின்தான் மனிதர்களுக்கு வேறு மருந்து எதுவும் கேட்காத நிலையில் மருத்துவமனையில் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் ஒன்று. அதற்கான எதிர்ப்பை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் எம்.சி.ஆர்-1 மரபணு 2015இல் சீனாவில் கண்டறியப்பட்டது, பண்ணை விலங்குகளில் தேடியபோது. அதற்குப் பிறகு சீனா உட்படப் பல நாடுகள் தீவனத்தில் அதைத் தடை செய்துவிட்டன. தினமும் கூளத்தைக் கிளறி, செத்ததைப் பொறுக்கி, அந்தக் கையோடு வீட்டுக்குப் போவது நீங்களும் உங்கள் மைத்துனரும்தான்.

அதே மூச்சில் உங்கள் மறுகோடித் தவறையும் சொல்ல வேண்டும். கடந்த பேட்சில் இறப்பு ஏறியபோது, "மருந்து தொட்டால் ஒப்பந்தம் போய்விடும்" என்று மருத்துவரைக் கூப்பிடாமலே இருந்திருக்கிறீர்கள். வளர்ச்சிக்காக மருந்து கலப்பது வேறு, நோயுற்ற கோழிக்கு வைத்தியம் பார்ப்பது வேறு. நெக்ரோடிக் என்டரைடிஸ் உறுதியானால், மருத்துவர் எழுதித் தரும் மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் கோழிகளை, மருந்து உடம்பைவிட்டு நீங்குவதற்கான விலக்கு காலம் முடிந்த பிறகு சாதாரணக் கோழியாக வேறு வழியில் விற்கலாம். அதற்கு இடமுண்டா என்பதையும் உங்கள் நிறுவனத்திடம் இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். கோழியைத் துடிக்க விட்டுக் காப்பாற்றும் முத்திரைக்கு மதிப்பில்லை.

ஓர் எச்சரிக்கை. அயனோஃபோர் உள்ள தீவனத்துக்குத் திரும்பினால், டியாமுலின் என்ற ஆன்டிபயாடிக் எக்காரணம் கொண்டும் தண்ணீரில் போகக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் தசை செயலிழந்து கோழிகள் கூட்டமாகச் சாகும். எந்த மருத்துவர் வந்தாலும் தீவன அட்டையை முதலில் காட்டுங்கள். அந்தத் தீவனத்தைக் குதிரை தின்றால் கொஞ்சமே போதும், உயிருக்கு ஆபத்து.

அடுத்த பேட்சுக்கு மூன்று வழி

வாங்கும் நிறுவனம் சம்மதித்தால் அயனோஃபோர்தான் எளிது. பழக்கப்பட்டது, காக்சிடியாவோடு கிளாஸ்ட்ரிடியத்தையும் பார்த்துக்கொள்ளும். ஒரே மருந்தை வருடக்கணக்கில் ஓட்டாமல் மாற்றிவரச் சொல்லுங்கள்.

சம்மதிக்காவிட்டால், டிக்ளாசுரில், நைகார்பசின் போன்ற வேதி மருந்துகள். இவை ஆன்டிபயாடிக் அல்ல. ஆனால் காக்சிடியா பழகிவிடும் வேகம் அதிகம், அதனால் இங்கே மாற்றிவருவது கட்டாயம். நைகார்பசின் கொடுக்கும்போது கடும் வெப்பம் வந்தால் கோழி தாங்காமல் இறக்கும். வெயில் காலத்தில் அதைத் தொடாதீர்கள்.

மூன்றாவது தடுப்பூசி. பொரிப்பகத்திலேயே தெளித்துவிடுவார்கள். அது உயிருள்ள காக்சிடியா, ஆகவே தீவனத்தில் காக்சி மருந்து அறவே கூடாது. கூளமும் எலும்பாய்க் காய்ந்திருக்கக் கூடாது, கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் அது சுற்றி வந்து எதிர்ப்பு உண்டாகும். மூன்றாவது வாரத்தில் வளர்ச்சி சற்றுத் தொய்யும், அதே நேரம் கிளாஸ்ட்ரிடியத்துக்கு ஒரு ஜன்னல் திறக்கும். பேசிலஸ் புரோபயாடிக்கும் பூச்சிட்ட பியூட்டிரேட்டும் தங்கள் கூலியைச் சம்பாதிப்பது இந்த ஜன்னலில்தான். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் கை உங்களுக்கு வசமாகும்வரை இந்த வழிக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

எதை எடுத்தாலும், அதோடு ஒரே ஒரு கூடுதல் பொருளைச் சேருங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால், ஆலையில் கலந்த பேசிலஸை எடுப்பேன். அதையும் ஒரு கொட்டகைக்கு மட்டும். அடுத்த பேட்சில் கொட்டகையை மாற்றுங்கள், ஏனென்றால் உங்கள் இரண்டாம் கொட்டகை எப்போதுமே ஒரு படி கீழே. இரண்டு முறையும் பொருள் போன பக்கம் முன்னுக்கு வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஒப்பிட எளிய கணக்கு உண்டு: உயிரோடு மிஞ்சிய சதவீதத்தை எடையால் பெருக்கி, நாள் எண்ணிக்கையையும் தீவன மாற்று விகிதத்தையும் பெருக்கிய தொகையால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். உங்கள் பழைய பேட்ச் 372, இப்போதையது 299. காக்சி மருந்தும் காற்றும் நிப்பிளும் சரியானாலே இந்த இடைவெளியில் பெரும்பகுதி அடையும் என்று எதிர்பார்க்கிறேன். மிச்சம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு டப்பாவைப் பற்றிப் பேசலாம்.

கொட்டகை கழுவ வீரியமான கிருமிநாசினி கேட்டிருந்தீர்கள். காக்சிடியாவின் முட்டைக்கூடு பெரும்பாலான சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அசையாது. பழைய கூளத்தை முழுதாக அகற்றி, கழுவி, நன்றாகக் காயவிட்டு, இரண்டு வார ஓய்வு கொடுங்கள். குழாய்களின் உள்ளே படிந்த வழவழப்பை ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலை நிறுத்திவைத்து அலசி எடுங்கள், குஞ்சு இல்லாத நாளில்.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்த கேள்வி: தண்ணீரில் தடுப்பூசி கொடுக்கும் நாளில் அமிலமும் புரோபயாடிக்கும் தொடரலாமா? கூடாது. முந்தின நாளும் அன்றும் மறுநாளும் குளோரின், அமிலம், எண்ணெய் எதுவும் தொட்டியில் இருக்கக் கூடாது. தடுப்பூசித் தண்ணீரில் கொழுப்பு நீக்கிய பால்பொடியை லிட்டருக்கு இரண்டு, இரண்டரை கிராம் கரைத்து, கால் மணி நேரம் கழித்துத் தடுப்பூசி மருந்தைச் சேருங்கள். ஆலையில் கலந்த பேசிலஸ் அன்றும் தீவனத்தில் அதுபாட்டுக்கு இருக்கட்டும்.